சுரங்க ஊரின் கோப்பை – 6: நாற்பது பவுண்டு

சென்ற வாரம் 1909 ஏப்ரல் 12-ஆம் தேதியில் நிறுத்தினோம். ஈஸ்டர் திங்கட்கிழமை. இத்தாலியின் துரின் நகரம். வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்திலிருந்து வந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியை 2-0 என வென்று சர் தாமஸ் லிப்டன் கோப்பையைக் கையில் வாங்கினார்கள். முதல் நாள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியை வீழ்த்தியதும் அதே 2-0 கணக்கில்தான்.

அந்த அணியின் பெயர் வெஸ்ட் ஆக்லாந்து. கான்லெஸ் என்ற சிறிய ஆற்றை ஒட்டிய கரி ஊர். 1825-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் ஓடத் தொடங்கியபோது கரி வண்டிகள் இந்த ஊரைக் கடந்துதான் போயின. அதற்காகப் பொறியாளர் ஸ்டீபன்சன் இங்கே கட்டிய இரும்புப் பாலத்தைப் பற்றி முதல் பகுதியிலேயே எழுதியிருந்தேன்.

இப்படி ஓர் ஊரின் அமெச்சூர் கிளப் எப்படித் துரினுக்குப் போனது? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் போட்டிக்கு அணி அனுப்ப மறுத்துவிட்டது. லிப்டன் தரப்பு வேறு வழி தேடியது. அழைப்பு வூல்விச் ஆர்சனலுக்குப் போயிருக்க வேண்டும், 'டபிள்யூ.ஏ.' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து யாரோ வெஸ்ட் ஆக்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது ஊர்க் கதை. வெஸ்ட் ஆக்லாந்து ஆடிய நார்தர்ன் லீகின் ரெஃப்ரி ஒருவருக்கு லிப்டன் கம்பெனியில் இருந்த தொடர்பால்தான் அழைப்பு வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. எது எப்படியோ, லீக் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணி துரினில் போய் ஜெயித்துவிட்டு வந்தது.

இந்த வாரம் 1911. அதே கோப்பை, அதே நகரம். இந்த முறை வென்றது ஜுவென்டஸை, அதுவும் 6-1 என்று. வென்ற கோப்பை நிரந்தரமாக ஊருக்கே சொந்தமானது. அப்புறம் அந்த ஊராலேயே அதை வைத்துக்கொள்ள முடியாமல் போனது.

* * *

மறுபடியும் போவதா?

தொடர்ந்து இரண்டு முறை வென்ற அணி கோப்பையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. 1910-இல் போட்டி நடக்கவில்லை. அடுத்தது 1911 ஈஸ்டர் என்று ஆனபோது வெஸ்ட் ஆக்லாந்தின் முன்னால் இருந்த ஆசை அதுதான். இன்னும் இரண்டே ஆட்டம். ஜெயித்தால் கோப்பை என்றென்றைக்கும் நம்முடையது.

ஆசை ஒரு பக்கம். செலவு ஒரு பக்கம்.

முதல் பயணத்தின்போதே ஆட்டக்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் பணம் புரட்டினார்கள் என்று ஊர் இன்றுவரை சொல்கிறது. ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கண்டம் கடந்து போய்வர ஆகும் செலவு இது. போகிற நாட்களில் சுரங்கத்தில் கூலியும் கிடையாது. கரி வெட்டாதவனுக்குக் காசு இல்லை.

இங்கே 'அமெச்சூர்' என்ற நிலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காசுக்கு ஆடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885-இலேயே அனுமதித்துவிட்டது. அதற்குப் பிறகும் காசு வாங்காமல் ஆடுவதுதான் உயர்ந்தது என்ற எண்ணம் மேட்டுக்குடியில் இருந்தது. அந்த எண்ணத்தின் உச்சம் 1882-இல் தொடங்கிய கொரிந்தியன் கிளப். பணக்காரப் பள்ளிகளிலும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் ஆடிய கிளப் அது. 1910-இல் அவர்கள் பிரேசிலுக்குச் சுற்றுப்பயணம் போனார்கள். அவர்கள் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிய சாவோ பாவ்லோ தொழிலாளர்கள் அதே ஆண்டில் அந்தப் பெயரிலேயே ஒரு கிளப் தொடங்கினார்கள். இன்றைக்கும் பிரேசிலின் பெரிய கிளப்புகளில் ஒன்று அது.

கொரிந்தியன்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அற்புதமாக ஆடியவர்கள். ஆனால் அவர்கள் வெளிநாடு போனபோது வீட்டில் அடுப்பு எரிவது நிற்கவில்லை. வெஸ்ட் ஆக்லாந்துக்காரனுக்கு அப்படி இல்லை. ஒரே விதி, இரண்டு பேருக்கும் இரண்டு விலை.

வேலையை விட்டு ஆட வந்தவர்களுக்கு இழந்த கூலியையாவது கொடுக்க வேண்டும் என்று கேட்ட வட இங்கிலாந்து ரக்பி கிளப்புகள் 22, அது மறுக்கப்பட்டதால் 1895-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்து போயின. ரக்பி இரண்டாக உடைந்தது அந்தக் கூலியின் பேரில்தான். டர்ஹாமின் அமெச்சூர் கால்பந்துக்காரர்கள் உடைத்துக்கொண்டு போகவில்லை. கையைக் கடித்தாலும் பொறுத்துக்கொண்டு ஆடினார்கள்.

* * *

லிப்டனின் பணம்

தமிழில் இந்தத் தொடரை எழுதும்போது தாண்டிப் போக முடியாத ஓர் இடம் இது.

கோப்பை கொடுத்த தாமஸ் லிப்டன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மளிகைக்காரர். 1871-இல் முதல் கடை. அப்புறம் ஊர் ஊராகக் கடைகள். 1890-இல் இலங்கைக்கு வந்தார். இலை நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்து, நிலம் மலிவாகக் கிடந்த நேரம். ஊவா மலையில், அப்புத்தளைக்கு மேலே டம்பத்தென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். நடுவில் யாரும் இல்லாமல் தோட்டத்துத் தேயிலையைத் தன் கடைகளுக்கே கொண்டுவந்து மலிவாக விற்றார். இங்கிலாந்துத் தொழிலாளியின் வீட்டுக்குள் தேநீரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1898-இல் 'சர்' பட்டம். பின்னர் இத்தாலிய அரசும் அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. அதற்கு நன்றியாகத்தான் துரின் கோப்பை.

கோப்பை கொடுப்பது அவருக்குப் புதிதல்ல. 1905-இலேயே அர்ஜென்டினாவும் உருகுவேயும் மோதிக்கொள்ள ஒரு கோப்பை கொடுத்திருந்தார். அந்தந்த மண்ணில் பிறந்தவர்கள் மட்டுமே ஆட வேண்டும் என்பது நிபந்தனை. தான் ஆசைப்பட்ட கோப்பை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கா கப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 1899, 1901, 1903 என்று மூன்று முறை இறங்கி மூன்றிலும் தோற்றிருந்தார்.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் யார்? திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போன தமிழர்கள். விடியும் முன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து, இருட்டியபின் லயத்துக்குத் திரும்பியவர்கள். வரும்போது வாங்கிய முன்பணம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கடனை வேறொரு தோட்டம் அடைத்தால்தான் துரை 'துண்டு' எழுதிக் கொடுப்பார். துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. இந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921-இல்தான்.

டர்ஹாமின் சுரங்கத் தொழிலாளியும் லயத்துத் தமிழரும் ஒரே நிலையில் இருந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. டர்ஹாம்காரனுக்குப் பலமான சங்கம் இருந்தது. வேலை நிறுத்தம் செய்ய முடிந்தது. பல்லாயிரம் மைல் தள்ளிய அந்நிய மலையில் அவன் இல்லை. ஆனாலும் கான்லெஸ் கரையில் பெருமையோடு நின்ற அந்தக் கோப்பையை வாங்கிய காசில் அப்புத்தளை மலையின் கொழுந்தும் இருக்கிறது. கோப்பையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இதை எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

* * *

மூன்று ஷிப்ட்

இரண்டாம் பயணத்துக்குள் டர்ஹாம் மாறிப்போயிருந்தது.

1909 பிப்ரவரி 16. முதல் துரின் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு. அதே மாவட்டத்தின் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கத்தில் வெடி விபத்து. 168 பேர் செத்தார்கள். ஆண்களும், பள்ளியை விட்டு வந்த பையன்களும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தினமும் எதைத் தாண்டி வீடு திரும்பினான் என்பதற்கு அந்த எண்ணிக்கை போதும்.

அடுத்து வந்தது எட்டு மணி நேரச் சட்டம். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். டர்ஹாமில் அது வேறு மாதிரி விடிந்தது.

அங்கே கரி வெட்டுகிற ஆள் ஏற்கெனவே எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வேலை செய்தார். வெட்டிய கரியை வண்டியில் தள்ளுகிற பையன்களுக்குத்தான் பத்து மணி நேரம். பையன்களின் ஒரு நீண்ட ஷிப்டுக்கு வெட்டுகிறவர்களின் இரண்டு ஷிப்ட் என்று கணக்கு ஓடியது. சட்டம் பையன்களின் நேரத்தைக் குறைத்ததும், முதலாளிகள் வெட்டுகிறவர்களை மூன்று ஷிப்டாகப் பிரித்தார்கள். 1910 ஜனவரியில் இது அமலுக்கு வந்தது. சங்கத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், தொழிலாளர்கள் ஏற்கவில்லை. பல சுரங்கங்களில் வேலை நிறுத்தம் வெடித்தது.

ஏன் இவ்வளவு கோபம்? ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் புரியும்.

சுரங்க வாசலில் அப்போது குளியலறை கிடையாது. கரிப் பூச்சோடு வீட்டுக்கு வருகிறவன் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியைப் போட்டு, அதில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். அப்பன் ஒரு ஷிப்ட், மூத்தவன் ஒரு ஷிப்ட், இளையவன் இன்னொரு ஷிப்ட் என்று ஆனால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு விடியற்காலை, மதியம், நள்ளிரவு என்று எந்நேரமும் வெந்நீர் வைக்கிற வேலை. ஒருவன் தூங்கும்போது ஒருவன் சாப்பிடுவான். ஒருவன் குளிக்கும்போது ஒருவன் கிளம்புவான். ஒரு குடும்பமே ஒன்றாக உட்கார நேரம் இல்லாதபோது, பதினொரு பேர் ஒன்றாக நின்று பந்து உதைக்க எங்கே நேரம்?

இதோடு 'காவில்' என்று ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவார்கள். யார் எந்த இடத்தில் கரி வெட்டுவது என்பது அந்தச் சீட்டில் வரும். நல்ல இடம் விழுந்தால் கையில் காசு நிற்கும். தண்ணீர் ஊறுகிற இடமோ, கல் கலந்த கரியோ விழுந்தால் அந்த மூன்று மாதமும் இழுபறி. வெட்டுகிற எடைக்குத்தானே கூலி. இப்படிப்பட்ட வரவை நம்பி ஒருவன் இத்தாலிக்கு டிக்கெட் எடுக்கிறான் என்றால், அதை வெறும் விளையாட்டு ஆசை என்று என்னால் எழுத முடியவில்லை.

போவதென்று முடிவானது.

* * *

துரின், 1911

1911-இல் துரின் கல்யாண வீடு போல் இருந்தது. இத்தாலி ஒன்றுபட்டு ஐம்பது ஆண்டு. அந்த விழாவுக்காக, ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் தலைநகரான துரினில் தொழில்களுக்கான உலகக் கண்காட்சி ஏப்ரல் 29-ஆம் தேதி திறக்க ஏற்பாடாகியிருந்தது. கால்பந்துப் போட்டி அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 16, 17 தேதிகளில்.

நான்கு அணிகள். வெஸ்ட் ஆக்லாந்து, ஜூரிச், ஊர்க்காரர்களான ஜுவென்டஸ், டோரினோ.

டோரினோவும் ஜுவென்டஸும் பங்காளிகள். ஜுவென்டஸில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர்கள் 1906-இல் இன்னொரு கிளப்போடு சேர்ந்து தொடங்கியதுதான் டோரினோ. அந்தப் பகை இன்றுவரை தீரவில்லை. ஒரு பக்கம் பங்காளிகள் மோத, மறுபக்கம் வெஸ்ட் ஆக்லாந்துக்கு ஜூரிச்.

ஏப்ரல் 16 ஈஸ்டர் ஞாயிறு. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடுவது சங்கத்துக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது. டர்ஹாமின் கரி ஊர்கள் மெதடிஸ்ட் சபை வேரூன்றிய ஊர்கள். ஞாயிறு என்றால் கோயில், பாட்டு, பிரசங்கம். அப்படி வளர்ந்தவர்கள் ஈஸ்டர் ஞாயிறன்று துரின் மைதானத்தில் இறங்கினார்கள். 2-0. ஜூரிச் வெளியே.

பங்காளிச் சண்டையில் ஜுவென்டஸ் ஜெயித்தது. மறுநாளே ஃபைனல்.

* * *

6-1

அன்றைய ஆட்டத்தை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது.

ஆள் மாற்றுவது கிடையாது. முதல் நாள் தொண்ணூறு நிமிடம் ஓடிய கால்கள் மறுநாளும் தொண்ணூறு நிமிடம் ஓட வேண்டும். அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், இல்லையென்றால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். பந்து கனத்த தோல், மேலே வார் கட்டித் தைத்தது. ஈரம் பட்டால் இன்னும் கனக்கும். கோல்கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். பெனால்டி எல்லைக்குள் மட்டும் என்ற விதி வந்தது 1912-இல். அவரைத் தோளால் இடித்துத் தள்ளவும் அனுமதி உண்டு. ஆஃப்சைடு ஆகாமல் இருக்க ஃபார்வர்டின் முன்னால் மூன்று எதிராளிகள் இருந்தாக வேண்டும். 1925 வரை அதுதான் சட்டம். கோல் விழுவது சுலபமில்லாத காலம்.

அந்தக் காலத்தில் ஆறு கோல்.

எதிரே நின்றது யார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்றைய ஜுவென்டஸ் இன்றைய ஜுவென்டஸ் அல்ல. 1897-இல் துரினின் ஒரு பள்ளி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கிளப். அதுவரை 1905-இல் ஒரே ஒரு முறை இத்தாலியச் சாம்பியன். அஞ்ஞெல்லி குடும்பத்தின் கையில் கிளப் வந்தது 1923-இல். கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டைகூட 1903-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து, நாட்ஸ் கவுன்டி அணியின் சட்டையைப் பார்த்து வரவழைத்ததுதான். இத்தாலி தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியே ஓராண்டு ஆகவில்லை. இத்தாலியில் கால்பந்து தவழ்ந்துகொண்டிருந்த வயது.

டர்ஹாமிலோ சின்னப் பையன் நடக்கத் தொடங்கும்போதே காலடியில் பந்து. நார்தர்ன் லீக் 1889-இல் தொடங்கியது. இன்றும் இயங்குகிறவற்றில் உலகிலேயே அதைவிடப் பழைய கால்பந்து லீக் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் ஒன்றுதான். அந்த லீகில் வாரா வாரம் பிஷப் ஆக்லாந்து, க்ரூக் டவுன் போன்ற அணிகளிடம் அடி வாங்கிப் பழகியவர்கள் வெஸ்ட் ஆக்லாந்துக்காரர்கள். தங்கள் லீகின் அடிப்பகுதியில் நின்றவர்கள் துரினில் முதலில் நின்றதற்குக் காரணத்தை அதிர்ஷ்டத்தில் தேட வேண்டாம். அந்த லீகின் தரம் அது.

அதற்கு ஒரு சாட்சி. 1909 அணியில் க்ரூக் டவுனிலிருந்து இரவலாக வந்து ஆடிய ஜாக் கிரீன்வெல் என்ற சுரங்கத் தொழிலாளியை நினைவிருக்கும். அவர் 1912-இல் பார்சிலோனாவுக்கு ஆடப் போனார். 1917 முதல் அந்த அணியின் பயிற்சியாளர். 1939-இல் பெரு அணியைத் தென்னமெரிக்கச் சாம்பியன் ஆக்கினார். தென்னமெரிக்கர் அல்லாத ஒரு பயிற்சியாளர் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. டர்ஹாம் சுரங்கத்தில் பந்து எந்த அளவுக்குப் புரிந்துவைக்கப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஏப்ரல் 17. ஆட்டம் முடிந்தபோது ஜுவென்டஸ் 1, வெஸ்ட் ஆக்லாந்து 6.

இரண்டாம் முறை. இனித் திருப்பித் தர வேண்டாம். கோப்பை வெஸ்ட் ஆக்லாந்தின் சொத்து.

இதை 'முதல் உலகக் கோப்பை' என்று அந்த ஊர் கொண்டாடுகிறது. பாசத்தில் சொல்வது, குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் வரலாறாக எழுதும்போது நான் அப்படி எழுத மாட்டேன். நான்கு கிளப்புகள் ஆடிய அழைப்புப் போட்டி அது. நாடுகள் மோதிய கால்பந்து அதற்கு முன்பே 1908 லண்டன் ஒலிம்பிக்கில் நடந்துவிட்டது. பெரிய பட்டம் கொடுத்தால்தான் பெருமை என்றில்லை. கூலி இழந்து, கடன் வாங்கி, கண்டம் தாண்டிப் போன ஓர் ஊர் அணி, இரண்டு பயணத்தில் நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் வென்றது; போட்டது 12 கோல், வாங்கியது 1. உள்ளது உள்ளபடி சொன்னாலே பெரிது.

* * *

வீடு திரும்பியபோது

வென்றவர்கள் ஊருக்கு வந்தார்கள். கடனும் கூடவே வந்தது.

இரண்டாம் பயணத்தின் செலவு கிளப்பை அமுக்கிவிட்டது. போட்டியில் பரிசுப் பணம் கிடையாது. அமெச்சூர் அணிக்குக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. சங்கம் ஒதுங்கியே நின்றது. கோப்பையைக் கொடுத்தவர் கோடீஸ்வரர். அதை வெல்லப் போன செலவு வென்றவர்கள் தலையில்.

கிளப்பிடம் விற்க என்ன இருந்தது? கோல் கம்பங்களா, பழைய சட்டைகளா? காசு பெறக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கத்தான் இவ்வளவு கடனும்.

ஊரில் வீட்ஷீஃப் என்று ஒரு விடுதி. சுரங்கத்திலிருந்து மேலே வந்தவன் தொண்டையில் இறங்கிய கரித் தூசியைக் கழுவ ஒரு கிளாஸ் பீர் குடிக்கிற மாதிரியான இடம். கையில் கொஞ்சம் ரொக்கம் புரளும் இடமும் ஊரில் அதுதான். அந்த விடுதியை நடத்திய அம்மாளிடம் கிளப் போனது. அவர் 40 பவுண்டு கொடுத்தார். கோப்பை அவர் கைக்குப் போனது.

40 பவுண்டு என்றால் எவ்வளவு? 800 ஷில்லிங். மறு ஆண்டு பிரிட்டன் முழுக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் போராடியபோது வளர்ந்த ஆளுக்குக் கேட்ட குறைந்தபட்சக் கூலி ஒரு ஷிப்டுக்கு 5 ஷில்லிங். அந்தக் கணக்கில் பார்த்தால், ஓர் ஆள் 160 ஷிப்ட் பூமிக்கு அடியில் இறங்கி ஏறினால், அதில் ஒரு காசும் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் இருந்தால், கோப்பையை மீட்கலாம்.

அந்த அம்மாளைக் கதையின் வில்லியாக ஆக்கிவிடுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கிளப் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது பணம் கொடுத்தது அவர் ஒருவர்தான். விடுதி நடத்திச் சேர்த்த காசு. துரினில் வென்ற கோப்பை என்பதற்காக அதன் மேல் யாரும் கடன் கொடுத்துவிட மாட்டார்கள். அதற்கும் ஒரு மனம் வேண்டும்.

* * *

அடகா, கிரயமா?

சீக்கிரம் மீட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாலும் காலம் விடவில்லை.

1912 மார்ச்சில் பிரிட்டனின் சுரங்கங்கள் மொத்தமாக நின்றன. சுமார் பத்து லட்சம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். 'ஆளுக்கு ஐந்து, பையனுக்கு இரண்டு' என்பதுதான் கோரிக்கை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கேட்ட தொகை அதில் எழுதப்படவில்லை. கூலி இல்லாத வாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனபோது கோப்பைக்கு யார் சந்தா போட முடியும்? அதிலிருந்து நிமிர்வதற்குள் 1914. டர்ஹாமின் இளைஞர்கள் போர்முனைக்குக் கிளம்பினார்கள்.

கோப்பை விடுதிக்கார அம்மாளிடமே இருந்தது.

அந்த 40 பவுண்டு எந்தக் கணக்கில் கைமாறியது என்பதில்தான் அடுத்த அரை நூற்றாண்டின் கதை முழுதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடனுக்கு ஈடாகக் கொடுத்து வைத்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. அப்படியானால் பணத்தை எண்ணி வைத்த அன்றே கோப்பை ஊருக்குத் திரும்ப வேண்டும். விலைக்கே விற்றுவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. அப்படியானால் ஜுவென்டஸை ஆறு கோல் போட்டு வென்ற கோப்பையின் மேல் வெஸ்ட் ஆக்லாந்துக்கு ஒரு பாத்தியதையும் இல்லை. ஆடியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகும். கோப்பையைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை அந்த ஊரில் வளரும். கிளப் மறுபடி எழுந்து பெரிய ஆட்டங்கள் ஆடும்.

பணத்தோடு ஒரு நாள் ஊர் போய்க் கதவைத் தட்டினால், அந்தக் கோப்பையைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்ல அந்த விடுதிக்கார அம்மாளின் குடும்பத்துக்கு உரிமை இருந்ததா?

(அடுத்த வாரம்)